பூவும் பழமும் கலந்த பகல் மணம்

மணம் என்றதும் நம் தாய்மார்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மல்லிகை. அடுத்தது சந்தனம், ஊதுவத்தி, ஜவ்வாது. ஆனால் ‘சென்ட்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் கொஞ்சம் மாறும். சென்ட் என்றால் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்வது, தீபாவளிக்குப் போட்டுக்கொள்வது என்ற எண்ணம் நமக்குள் ஊறிப் போயிருக்கிறது. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் மணத்தோடு வேலைக்குக் கிளம்பினால், “எதுக்குடி தெனமும் இந்தச் சென்ட்டு? பவுடர் போதாதா?” என்று கேள்வி வருகிறது.

இன்று ஈப்போவில் காலை நேரத்துப் பேருந்தில் ஏறினால், அந்தக் கேள்வியைத் தாண்டி வந்த பெண்கள் பலரைப் பார்க்கலாம். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், கிளினிக்கில் வேலை செய்கிறவர்கள், கடைப் பெண்கள், கல்லூரி மாணவிகள். இவர்களில் பலருக்குப் பிடித்தது ஒரே வகையான மணம். கொஞ்சம் மல்லிகை, கொஞ்சம் ரோஜா. அதோடு ஆப்பிள், பீச், அன்னாசி போன்ற பழ வாசம். இனிப்பாகவும் லேசாகவும் இருக்கும். வாசனைத் தொழிலில் இதற்குப் ‘பழ-மலர் வகை’ என்று பெயர். பகல் பொழுதுக்கு ஏற்றது என்று உலகம் முழுவதும் விரும்பப்படுகிறது.

இந்தப் பழ-மலர் மணத்துக்கும் நம் தோட்டத்து வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு? இருக்கிறது, வாசகர்களே. நீங்கள் நினைப்பதைவிட நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

பாலும் வாசமும்

பேராக்கில் பால்மரத்தின் கதை 1877-ஆம் ஆண்டு தொடங்குகிறது. தென் அமெரிக்காவின் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் அந்த ஆண்டு கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ தம் இல்லத்துத் தோட்டத்தில் அவற்றை நட்டு வளர்த்தார். அதன்பின் நடந்ததை நாம் அறிவோம். சுங்கை சிப்புட், பத்துகாஜா, தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று பேராக் முழுவதும் கித்தாக்காடு ஆயிற்று. அந்தக் காட்டில் உளி பிடித்தவர்கள் நம் பாட்டனும் பாட்டியும்.

விடியுமுன் பெரட்டு. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். வெட்டி முடித்ததும் மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால் உடம்பெல்லாம் பால் வாடை. அதிலும் கட்டிப்பால் எடுத்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். எத்தனை முறை எலுமிச்சையும் சீயக்காயும் தேய்த்துக் குளித்தாலும் விரல் இடுக்கில் அந்த வாடை தங்கிவிடும். பட்டணத்துப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைத் திருப்பிக்கொண்டதையும், பள்ளிக்கூடத்தில் ‘பால்காட்டுப் பிள்ளை’ என்ற கேலியையும் மறக்காதவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

அந்த வாடை எங்கிருந்து வந்தது? மரத்திலிருந்து அப்போதுதான் வடிந்த பாலுக்குப் பெரிய நாற்றம் கிடையாது. மங்கில் உறைந்து கிடக்கும் பாலில் உள்ள புரதம், சர்க்கரை முதலியவற்றை நுண்கிருமிகள் தின்று சிதைக்கின்றன. அப்போது அசெட்டிக், பியூட்டிரிக், வலேரிக் போன்ற அமிலங்கள் உண்டாகின்றன. வெண்ணெய் கெட்டுப்போனால் வீசும் வாடை பியூட்டிரிக் அமிலத்தின் வாடைதான். ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஊற்றுவதும் ஓர் அமிலம், ஃபார்மிக் அமிலம்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். இதே அமிலங்களை ஆல்கஹாலோடு சேர்த்தால் ‘எஸ்டர்’ என்ற பொருள்கள் கிடைக்கும். எஸ்டர்களில் பலவும் பழ வாசம் தருபவை. பியூட்டிரிக் அமிலமும் எத்தில் ஆல்கஹாலும் சேர்ந்தால் அன்னாசி வாசம். அசெட்டிக் அமிலத்தோடு வேறொரு ஆல்கஹால் சேர்ந்தால் வாழைப்பழ வாசம். வலேரிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்த எஸ்டர்கள் சிலவற்றில் ஆப்பிள் மணக்கும். கட்டிப்பாலில் மூக்கைப் பிடிக்க வைத்த அதே அமிலக் குடும்பம், கொஞ்சம் உருமாறினால், கண்ணாடிப் புட்டியில் விலை போகும் பழ வாசமாகிறது!

மல்லிகையிலும் இதே எஸ்டர் இருக்கிறது. அதன் இனிப்பு மணத்துக்கு ஒரு பெரிய காரணம் பென்சைல் அசெட்டேட் என்ற எஸ்டர்தான். அதைத் தனியாக முகர்ந்தால் பூவும் பழமும் கலந்த வாசம். அதே மல்லிகையில் இண்டோல் என்ற பொருளும் சிறிது உண்டு. இண்டோல் மலத்திலும் இருப்பது. மிகச் சிறிய அளவில் மட்டும் பூ மணம். எனவே ‘நல்ல வாசம், கெட்ட வாசம்’ என்று பிறவியிலேயே பிரித்து வைத்த இரண்டு சாதிகள் இயற்கையில் இல்லை. அளவும் சேர்க்கையும்தான் வேறுபாடு. உழைத்த உடம்பின் வாடைக்காக நாம் அன்று குனிந்த தலை, குனிந்திருக்க வேண்டிய தலையே அல்ல.

லயத்து வாசலில் வளர்ந்தவை

சங்க நூலான குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களைக் கபிலர் அடுக்கிச் சொல்கிறார். பூவின் மணம் நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் லயத்து வாசல்களிலும் இடம் கிடைத்த அளவுக்கு மல்லிகைக் கொடியும் கனகாம்பரமும் வளர்த்தோம். வசதியுள்ள வீட்டு ஓரத்தில் ஒரு மனோரஞ்சிதம்.

பழ-மலர் மணம் எப்படி இருக்கும் என்று சென்ட்டுக் கடைக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. பழுத்த மனோரஞ்சிதப் பூ ஒன்றை முகர்ந்தால் போதும். மஞ்சளாக மாறியதும் அதில் கனிந்த பழத்தின் வாசம் வீசும். ‘நினைத்த பழத்தின் வாசம் வரும்’ என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். சீத்தாப்பழமும் மனோரஞ்சிதமும் ஒரே தாவரக் குடும்பம். அதே குடும்பத்தில் இன்னொரு மரம், மலாய்க் கம்பங்களில் நாம் பார்த்துப் பழகிய கெனாங்கா. பச்சை மஞ்சள் நிறத்தில் தொங்கும் நீண்ட இதழ்களை உடைய பூ. மலாய்க்காரர் திருமணங்களில் பாண்டான் இலையோடு நறுக்கிக் கலக்கும் ‘பூங்கா ராம்பாய்’ கலவையில் இந்தப் பூவும் சேரும்.

இந்தக் கெனாங்கா நம் வட்டாரத்துக்கே உரிய மரம். உலக வாசனைத் தொழிலில் இதன் பெயர் ‘இலாங் இலாங்’. விடியற்காலையில் பூப்பறித்து, நீராவியில் மணிக்கணக்காக வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். இன்று இந்த எண்ணெயைப் பெருமளவில் ஏற்றுமதி செய்வது ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கொமொரோஸ் தீவுகள். 1921-ல் எர்னெஸ்ட் போ என்பவர் பாரிஸ் நகரின் ஷனேல் நிறுவனத்துக்காக உருவாக்கிய ‘ஷனேல் நம்பர் 5’, உலகில் மிகவும் பெயர் பெற்ற வாசனைத் திரவியங்களில் ஒன்று. அதில் மல்லிகை இனத்தின் மணமும் இருக்கிறது, இலாங் இலாங்கும் இருக்கிறது. பாரிஸ் சீமாட்டி கழுத்தில் பூசிய மணத்தில் ஒரு பகுதி, நம் பக்கத்துக் கம்பத்து வேலியில் மலர்கிற மணம்!

புட்டிக்குள் பழம் வந்த விதம்

ஒன்று கவனியுங்கள். மல்லிகையிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். ஆப்பிளையும் பீச்சையும் பிழிந்து சென்ட் எடுக்க முடியாது. பழத்தில் நீர்தான் அதிகம். மணப்பொருள் மிகக் குறைவு. எனவே புட்டியில் இருக்கும் பழ வாசம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1908-ல் பீச் பழ வாசம் தரும் பொருள் ஒன்றைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1919-ல் பிரான்சின் கெர்லேன் நிறுவனம் அதைப் பயன்படுத்தி ‘மித்சுக்கோ’ என்ற வாசனையை வெளியிட்டது. பழ மணம் சென்ட்டில் பெயர் பெற்ற முதல் சம்பவங்களில் அது ஒன்று.

இயற்கைப் பூவெண்ணெய் ஏன் இத்தனை விலை? ஜாதி மல்லியை நீராவியில் வடித்தால் மணம் கெட்டுவிடும். பறித்த பூவைக் கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற பொருளை எடுத்து, அதிலிருந்து மறுபடியும் எண்ணெயைப் பிரிக்க வேண்டும். ஒரு கிலோ தூய எண்ணெய்க்குச் சுமார் 700 கிலோ பூ வேண்டும். பூப்பறிப்பது யார்? நம்மைப் போலவே விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிற பெண்கள். தமிழ்நாட்டிலும் இதற்கென்றே ஜாதி மல்லி பயிரிடுகிறார்கள். தலையில் சூடும் குண்டு மல்லிக்கோ மதுரை பெயர் பெற்றது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆகவே இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் புட்டியில் ‘நூறு சதவீதம் தூய மல்லிகை’ என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அதற்காகச் செயற்கை மணம் எல்லாம் விஷம் என்றும் பயப்பட வேண்டாம். மல்லிகைப் பூவில் இருக்கும் பென்சைல் அசெட்டேட்டும் ஆய்வுக்கூடத்தில் செய்த பென்சைல் அசெட்டேட்டும் ஒரே பொருள்தான். விலை உயர்ந்த புட்டியிலும் செயற்கை மணம் உண்டு. விலையில் பெரும்பகுதி புட்டிக்கும் பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது.

சென்ட் வாங்க வசதியில்லாத வீட்டிலும் அலமாரியில் வாசனைப் பவுடர் டின் ஒன்று இருந்தது. குட்டிகுரா, பாண்ட்ஸ், பின்னாளில் என்சான்டர். இந்த என்சான்டரைத் தயாரித்து வந்த உன்சா நிறுவனத்தை 2007-ல் இந்தியாவின் விப்ரோ வாங்கியது. குளித்துவிட்டுக் கழுத்தில் அந்தப் பவுடரை அப்பிக்கொண்ட நம் அம்மாக்கள், பெயர் தெரியாமலேயே பகல் மணம் போட்டவர்கள்தான்.

பகலுக்கு ஏன் இது பொருந்துகிறது?

சென்ட்டின் மணம் மூன்று படிகளில் வெளிப்படும். முதலில் பறப்பது எலுமிச்சை, ஆப்பிள் போன்ற லேசான வாசங்கள். அவை கால் மணி, அரை மணி நேரத்தில் போய்விடும். அடுத்தது பூ மணம். அது சில மணி நேரம் இருக்கும். கடைசியில் தங்குவது சந்தனம், கஸ்தூரி, வனில்லா போன்ற கனமான மணங்கள்.

நம் நாட்டு வெயிலில் தோல் எப்போதும் சூடாக இருக்கிறது. சூட்டில் மணம் வேகமாகவும் பலமாகவும் கிளம்பும். குளிர் நாட்டுக்காரர் குளிர்காலத்தில் போடும் கனத்த மணத்தை ஈப்போ வெயிலில் போட்டால், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலைவலி வந்துவிடும். பழ-மலர் வகையில் லேசான மணங்களே பெரும்பங்கு. விரைவில் தணிந்துவிடும், பக்கத்தில் வருபவருக்கு மட்டும் மெல்லத் தெரியும். பகலுக்கு அதுதானே அழகு?

புட்டியில் எழுதியிருக்கும் பிரெஞ்சுப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். ‘ஓ டி பர்ஃபம்’ என்றால் வாசனைப் பொருள் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம். ‘ஓ டி டாய்லெட்’ அதைவிடக் குறைவு, 5 முதல் 15 சதவீதம். (கழிவறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் ‘ஒப்பனை’ என்று பொருள்.) ‘கொலோன்’ இன்னும் லேசு. ‘பாடி மிஸ்ட்’ மிகவும் லேசு. தினசரி வேலைக்கு ஓ டி டாய்லெட்டோ மிஸ்ட்டோ தாராளம்.

வாங்கும் முன் கவனிக்க

ஈப்போ லிட்டில் இந்தியாவிலோ பேரங்காடியிலோ வாங்கப் போகிறீர்களா? முதல் மூச்சில் மயங்கிவிடாதீர்கள். அந்த முதல் மூச்சுக்காகத்தான் பழ வாசத்தை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் மற்றக் கடை வேலைகளைப் பாருங்கள். அதன்பின் மிஞ்சி நிற்கும் மணம்தான் நீங்கள் நாள் முழுவதும் சுமக்கப் போகும் மணம். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு குழம்பிவிடும்.

நம் நாட்டில் விற்கப்படும் எந்த அழகுசாதனப் பொருளும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு ஓர் எண் தருகிறார்கள். என்-ஓ-டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, இலக்கங்கள் வந்து, கே எழுத்தில் முடியும். அந்த நிறுவனத்தின் இணையத் தளத்தில் எண்ணைத் தேடிப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பெரிய நிறுவனத்தின் பெயர் போட்டு, பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தால் அது போலியாகத்தான் இருக்கும். போலிப் புட்டியில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆல்கஹால் வேண்டாம் என்பவர்களுக்கு அத்தர் இருக்கிறது. எண்ணெயாக இருப்பதால் ஒரு தொடுதல் போதும். ஒரு சிறு குப்பி பல மாதம் வரும். சிக்கன வீட்டுக்கு நல்ல தேர்வு.

பூசும்போது கவனிக்க

முதல் முறை பூசும் முன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் புட்டி உங்களுக்கு ஆகாது. அடிக்கடி இப்படி வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

வெயில் படும் கழுத்தில் பூசி நேரே வெயிலில் இறங்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றவர்களுக்குத் தோல் கறுத்துப் போவது உண்டு. எலுமிச்சை இனமான பெர்கமொட் பழத்தோலின் எண்ணெயும் அப்படிச் செய்யும். நல்ல தயாரிப்பாளர்கள் கறுக்க வைக்கும் பொருளை நீக்கிவிட்டே அந்த எண்ணெயைச் சேர்க்கிறார்கள். போலிச் சரக்கில் அந்த உத்தரவாதம் இல்லை. பகலில் உடைக்குள் மறையும் இடத்தில் பூசுவதே நல்லது. பட்டுப் புடவையில் நேராக அடித்தால் கறை படியலாம். நகையைப் போடுமுன் சென்ட்டைப் போடுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால், சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பங்கரையிலோ சாமி விளக்குப் பக்கத்திலோ அடிக்கவே கூடாது. சிகரெட் பற்றவைப்பவர் பக்கத்திலும் வேண்டாம்.

இழுப்பு நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் அடைத்த அறையில் அடிக்காதீர்கள். கைக்குழந்தையைத் தூக்கும் கையிலும் மார்பிலும் பூசாதீர்கள். மின்னணுத் தொழிற்சாலையின் தூசியில்லா அறைக்குள் சென்ட்டும் பவுடரும் கூடாது என்பது பொதுவான விதி. உணவுத் தொழிற்சாலைகளிலும் அப்படித்தான். அங்கே வேலை செய்பவர்கள் வேலை முடிந்து கிளம்பும்போது பூசிக்கொள்ளலாம்.

காலையில் போட்டது பத்து மணிக்குத் தெரியவில்லை என்று மீண்டும் மீண்டும் அடிக்காதீர்கள். உங்கள் மூக்குக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இரண்டு அடி போதும். புட்டியை ஜன்னல் ஓரத்தில் வைக்காமல் அலமாரிக்குள் வையுங்கள். வெயிலும் சூடும் மணத்தைக் கெடுக்கும்.

யாருக்கு உரிமை?

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். ‘எதுக்குடி தெனமும் இந்தச் சென்ட்டு?’

தாய்மார்கள் இப்படிக் கேட்பதில் பாசமும் பயமும் இருக்கிறது. ‘ஊர் என்ன சொல்லும்? ஆளை மயக்கப் போகிறாள் என்று பேச மாட்டார்களா?’ என்ற கவலை. அந்தக் கவலையை எள்ளி நகையாட வேண்டாம். ஆனால் கொஞ்சம் யோசிப்போம். பூ வைத்துக்கொண்டு நிரைக்குப் போன பெண்ணை ஊர் தவறாகச் சொல்லவில்லை. அதே மல்லிகை புட்டிக்குள் வந்துவிட்டால் மட்டும் குற்றமா? குளித்து, சுத்தமாக உடுத்தி, மெல்லிய மணத்தோடு வேலைக்குப் போவது ஒரு பெண் தன்மீது வைத்திருக்கும் மரியாதை. மகள்களுக்கும் ஒரு சொல்: சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு வாங்குங்கள். தவணையில் வாங்கிப் பூச வேண்டிய மணம் உலகத்தில் இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கணவனை இழந்த தாய்மார்கள். பூவும் பொட்டும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்கள். நாற்பது வயதில் அந்த நிலைக்கு வந்து, மீதி நாளெல்லாம் பால் வாடையோடு மட்டும் வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! தோட்டங்கள் இன்று பெரும்பாலும் செம்பனைக் காடாகிவிட்டன. லயங்கள் போய், தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். பழைய ஒதுக்கல்களை மட்டும் மூட்டை கட்டிக் கூடவே கொண்டுவர வேண்டுமா? அடுத்த சம்பளத்தில் உங்களுக்கு ஒரு புட்டி வாங்கும்போது, அவர்களுக்கும் ஒரு சிறு குப்பி வாங்கிக் கொடுங்கள். “எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?” என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். கையில் ஒரு சொட்டு நீங்களே தடவிவிடுங்கள்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். நம் வீட்டில் நாராக இருந்து பூக்களைக் கட்டிக் காத்தவர்கள் அவர்கள். அவர்களும் மணக்கட்டும்.